மரண தண்டனை தேவையா? ஒட்டியும் வெட்டியும் பேசத் தயாராவது எப்படி

கல்லூரித் தமிழ்மன்றப் போட்டியாகட்டும், சட்டக் கல்லூரி விவாத அரங்காகட்டும், இந்தத் தலைப்பு சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. ஒட்டிப் பேசுபவர், "இறந்தது உங்கள் தங்கையாக இருந்தால் இப்படிப் பேசுவீர்களா?" என்று கேட்கிறார். வெட்டிப் பேசுபவர், "கொடுக்க முடியாத உயிரை எடுக்க யாருக்கு உரிமை?" என்கிறார். இரண்டுக்கும் அரங்கில் கைதட்டல் கிடைக்கிறது, ஆனால் விவாதம் ஓர் அடிகூட நகர்வதில்லை. இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

இந்தத் தலைப்புக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கொடிய கொலை செய்தவனுக்குச் சாவு தகுமா என்பது ஒன்று. அந்தத் தண்டனை இருப்பதால் கொலைகள் குறைகின்றனவா என்பது இன்னொன்று. தகும் என்றே வைத்துக்கொண்டாலும், ஆள் மாறாமல், ஆளுக்கொரு நீதி என்றில்லாமல் அதை வழங்க நம் காவல்துறையாலும் நீதிமன்றங்களாலும் முடியுமா என்பது மூன்றாவது. தகுமா, பயன்படுமா, பிழையின்றி வழங்க முடியுமா என்று மூன்று தாள்களில் தலைப்பிட்டுக்கொண்டு, இனி படிக்கும் ஒவ்வொரு செய்தியையும் அதற்குரிய தாளில் மட்டும் எழுதுங்கள். எந்தத் தாளிலும் சேராத செய்தி எவ்வளவு சுவையாக இருந்தாலும் மேடைக்கு வேண்டாம்.

தலைப்புக்கு எல்லை போடுவது

"மரண தண்டனை தேவையா?" என்று மட்டும் அறிவித்திருந்தால், எந்த நாட்டில், எந்தக் குற்றத்துக்கு என்பதை முதல் பேச்சாளர் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். விட்டுவிட்டால் எதிரணி தனக்கு வசதியான எல்லையைப் போட்டுக்கொள்ளும்.

ஒட்டிப் பேசும் அணி இப்படித் தொடங்கலாம்: "இந்தியாவில், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டும், இப்போதைய சட்டம் அனுமதிக்கும் மரண தண்டனை நீடிக்க வேண்டும் என்பதே எங்கள் நிலை. எல்லாக் கொலைக்கும் தூக்கு என்று நாங்கள் கேட்கவில்லை." இந்த ஒரு வரி பாதிச் சுமையை இறக்கிவிடும். எதிரணி அடுக்கும் பழைய கால, வேற்று நாட்டுக் கொடுமைகளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டிப் பேசும் அணிக்கு இதைவிடக் கூடுதல் வேலை இருக்கிறது. ஒழிக்க வேண்டும் என்று சொன்னால் போதாது, அதன் இடத்தில் என்ன வைப்பது என்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல மறப்பதால் தோற்கும் அணிகள் ஏராளம். "அப்படியானால் பதினான்கு ஆண்டில் வெளியே வந்துவிடுவானே?" என்று ஒரே கேள்வியில் எதிரணி அரங்கத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். ஆயுள் தண்டனை என்பது சட்டப்படி ஆயுள் முழுவதற்குமானது. மரண தண்டனைக்குரிய குற்றங்களில் ஆயுள் பெற்றவருக்குத் தண்டனைக் குறைப்பு தருவதானாலும் குறைந்தது 14 ஆண்டு சிறையில் கழித்திருக்க வேண்டும் என்பதே அந்தப் பதினான்கின் பொருள். 14 ஆனதும் கதவு தானாகத் திறந்துவிடாது. அதற்கும் மேலாக, குறைப்புக்கே இடமில்லாமல் இத்தனை ஆண்டு அல்லது சாகும்வரை என்று விதிக்க முடியும் என உச்ச நீதிமன்றம் 2008இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் சொன்னது. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளின் விடுதலை தொடர்பாக எழுந்த வழக்கில் 2015இல் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றது. "குறைப்பில்லா ஆயுள் சிறை எங்கள் மாற்று" என்று முதல் பேச்சாளரே அறிவித்துவிட்டால் அந்தக் கேள்விக்கு வாய்ப்பே இல்லை.

போட்டி இலங்கையில் நடந்தால் எல்லை வேறு. அங்கே நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிக்கின்றன, ஆனால் 1976 ஜூன் 23க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் தூக்குக்கு அன்றைய ஜனாதிபதி கையெழுத்திட்டபோது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. ஆகவே அங்கே விவாதம் "நிறுத்தலாமா" என்பதல்ல, "மீண்டும் தொடங்கலாமா" என்பதுதான். சிங்கப்பூரில் பேச்சு பெரும்பாலும் போதைப்பொருளைச் சுற்றியே இருக்கும். 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினாலே சட்டம் மரண தண்டனையை விதிக்கிறது. பக்கத்திலுள்ள மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கி, நீதிபதியின் முடிவுக்கு விட்டது. "உயிருக்கு உயிர்" என்ற வாதம் இங்கே செல்லாது, ஏனெனில் கடத்தியவர் கொலை செய்திருக்க மாட்டார்.

சட்டத்தில் எவ்வளவு தெரிந்தால் போதும்

இந்தியாவில் 1955 வரை, கொலைக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதிக்காமல் விட்டால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. ஆயுள் தண்டனை பொது விதி, தூக்கு விலக்கு, விதிப்பதானால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்று ஆனது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அதே விதி 393(3)ஆம் பிரிவில் இருக்கிறது. கொலைக்கான தண்டனை 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவின்கீழ் வருகிறது. இன்னும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் "302ஆவது பிரிவு" என்றே பேசுபவர்கள் இருக்கிறார்கள். சட்டம் தெரிந்த நடுவர் முன்னால் அது உறுத்தும்.

அடுத்தது பச்சன் சிங் வழக்கு, 1980. நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் மரண தண்டனை அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பு வந்தது. "அரிதினும் அரிதான" என்ற சொல் இங்கிருந்துதான் வருகிறது. மாணவர்கள் இந்தச் சொல்லை "மிகக் கொடூரமான கொலை" என்று விளக்குவதுதான் மிகப் பரவலான பிழை. குற்றத்தின் கொடுமையை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அவர் வயது, மனநிலை, வறுமை, திருந்தும் வாய்ப்பு எல்லாம் கணக்கில் வர வேண்டும். ஆயுள் தண்டனை என்ற வழி ஐயத்துக்கிடமின்றி அடைபட்டுவிட்டது என்றால் மட்டுமே தூக்கு. எதிரணி "கொடூரம்" என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பேசினால் இந்த இரண்டாவது பாதியை எடுத்து வையுங்கள். ஒட்டிப் பேசும் அணியும் இதைத் தன் பக்கம் திருப்பலாம்: இவ்வளவு கட்டுக்காவலோடு உள்ள தண்டனையை ஏன் நீக்க வேண்டும்?

அந்த வழக்கில் மாறுபட்டவர் நீதிபதி பகவதி. ஒருவர் சாவதும் பிழைப்பதும் எந்த நீதிபதிகள் முன்னால் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்துவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு உயிருள்ள சான்று 1982இல் உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. ஒரே குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றதாக மூவருக்கு ஒரே தீர்ப்பில் தூக்கு. மூவரின் பங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மேல்முறையீடுகள் தனித்தனியாக, வெவ்வேறு அமர்வுகளுக்குப் போயின. ஒருவருக்குத் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. ஒருவர் 1981இல் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் தூக்குக்குச் சற்று முன் மனு போட்டு, கூட்டாளிக்குத் தண்டனை குறைந்ததைச் சுட்டிக்காட்டினார். அவர் தண்டனையைக் குறைக்கும்படி நீதிமன்றம் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. ஹர்பன்ஸ் சிங் வழக்கு என்று இதற்குப் பெயர். வெட்டிப் பேசும் அணிக்கு இதைவிட வலுவான செய்தி கிடைப்பது அரிது. இதைச் சொல்ல 50 விநாடி ஒதுக்குங்கள். மூவர், ஒரே குற்றம், மூன்று முடிவு என்ற வரிசை கலையாமல் சொன்னால் வேறு அலங்காரம் தேவையில்லை.

ஒரு தூக்குத் தண்டனை எந்தெந்தப் படிகளைக் கடக்கிறது என்பதையும் தடுமாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். அமர்வு நீதிமன்றம் விதிப்பது அப்படியே நிறைவேறாது. உயர் நீதிமன்றத்தில் குறைந்தது இரண்டு நீதிபதிகள் உறுதி செய்ய வேண்டும். பிறகு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு, அதன்பின் மறுஆய்வு மனு. தூக்கு வழக்குகளில் மறுஆய்வை அறைக்குள் முடிக்காமல் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்பது 2014 முதல். அதற்கும் பிறகு குறைதீர் மனு (curative petition), அரசியல் சாசனத்தின் 161ஆம் பிரிவின்படி ஆளுநரிடமும் 72ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரிடமும் கருணை மனு. நிராகரிக்கப்பட்டாலும் அந்தத் தகவல் கைதிக்குச் சேர்ந்தபின் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்று சத்ருகன் சௌகான் வழக்கில் 2014இல் தீர்ப்பானது. அதே தீர்ப்பில்தான், கருணை மனுவை அரசு ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டது உள்ளிட்ட காரணங்களால் 15 பேரின் தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டது.

எண்களைக் கையாளுவது

மனப்பாடமாகத் தெரிய வேண்டிய எண் ஒன்றே ஒன்றுதான் என்றால், அது எட்டு. 2004 முதல் 2020 வரை இந்தியாவில் தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டுப் பேர். 2004இல் தனஞ்சய் சாட்டர்ஜி, 2012இல் அஜ்மல் கசாப், 2013இல் அப்சல் குரு, 2015இல் யாகூப் மேமன், 2020 மார்ச் 20 அன்று டெல்லி மாணவி வழக்கின் நால்வர். தமிழ்நாட்டில் 1995இல் சேலம் மத்திய சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

இந்த எட்டின் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டில் மட்டும் பதிவான கொலை வழக்குகள் 28,522. தூக்குக்குப் பயந்து ஒருவன் கையை இழுத்துக்கொள்வான் என்று சொல்வதற்கு, தூக்கு தன்மேல் விழும் என்ற எதிர்பார்ப்பாவது அவனுக்கு இருக்க வேண்டும். தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் வரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே எழுதினார். வெட்டிப் பேசுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் அந்தக் கருத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரித்தால் வலு குறையும்.

எதிரணி உடனே சொல்லும்: "அப்படியானால் அதிகமாகத் தூக்கிலிட்டால் பயம் வருமே!" இது நல்ல மறுப்பு, அலட்சியம் செய்யாதீர்கள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, எதுவும் செய்யவில்லையா என்று அவற்றைக் கொண்டு சொல்ல முடியாது என்றது. இதை "பயன் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று திரித்துச் சொல்லாதீர்கள். படித்த எதிரணி பிடித்துவிடும், அதன்பின் உங்கள் மற்ற எண்களையும் அரங்கம் நம்பாது. "கொலை குறையும் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உயிரை எடுக்கச் சொல்பவரிடம் இருக்கிறது, அந்த நிரூபணம் இதுவரை வரவில்லை" என்பதே சரியான வாசகம்.

ஒட்டிப் பேசும் அணிக்கு எங்கள் அறிவுரை, இந்த இரண்டாவது கேள்வியில் கோட்டை கட்டாதீர்கள். அங்கே மண் இளகியது. உங்களுக்கு வலுவான நிலம் முதல் கேள்விதான். தண்டனை என்பது பயன் கருதி மட்டுமல்ல, செய்த தீமைக்கு ஈடாகத் தரப்பட வேண்டியது என்ற தத்துவ மரபு பழையது. ஒரு தீவில் வாழும் சமூகம் கலைந்து போக முடிவு செய்தாலும், போகுமுன் சிறையிலுள்ள கடைசிக் கொலைகாரனைத் தூக்கிலிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் வாதிட்டார். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை, ஆனாலும் செய்ய வேண்டும் என்றார். நடுவருக்கு இதை விளக்கிவிட்டால், எதிரணி கொண்டுவரும் புள்ளிவிவரம் எதுவும் அந்த வாதத்தைத் தொட முடியாது.

எண்களில் இன்னொரு சிக்கல், மொத்த எண்ணிக்கையை ஒப்பிடுவது. இரண்டு மாநிலங்களையோ இரண்டு ஆண்டுகளையோ ஒப்பிட்டால் ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை என்ற விகிதத்தை மட்டும் எடுங்கள்.

இரு பக்கமும் வெட்டும் செய்திகள்

நல்ல செய்தி ஒன்று கிடைத்ததும், "இதையே எதிரணி எப்படிப் பயன்படுத்தும்?" என்று அதன் கீழே எழுதிப் பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கு இதற்குச் சரியான பயிற்சி. 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது, மற்ற 19 பேர் விடுதலையாயினர். நால்வரில் நளினிக்கு 2000இல் ஆளுநர் தண்டனையைக் குறைத்தார். மீதி மூவருக்கு, கருணை மனுவின் தாமதத்தைக் காரணமாக்கி 2014இல் உச்ச நீதிமன்றமே குறைத்தது. 2022இல் பேரறிவாளன் மே மாதமும் மற்றவர்கள் நவம்பரிலும் விடுதலையாயினர். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, அதில் ஒரு பகுதியை எழுதாமல் விட்டதாகப் பின்னாளில் சொன்னார்.

ஒட்டிப் பேசுபவர் இதை வைத்து, "26 நான்காகக் குறைந்தது பாருங்கள், மேல்முறையீடு தன் வேலையைச் செய்கிறது" என்பார். வெட்டிப் பேசுபவர், "முதல் நீதிமன்றம் 26 பேருக்குக் கயிறு நீட்டியது, எழுதாமல் விட்ட ஒரு வரி ஒருவரைத் தூக்கு மேடை வரை கொண்டுபோனது" என்பார். இரண்டும் நேர்மையான வாதங்களே. உங்கள் முறை வருமுன் எதிரணி இந்த வழக்கை எடுத்துவிட்டால், உண்மைகளை மறுக்காமல் முடிவை மட்டும் திருப்புங்கள்.

சட்ட ஆணையத்தின் 262ஆவது அறிக்கையும் அப்படித்தான். 2015 ஆகஸ்டில் வந்த அந்த அறிக்கை மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது என்று பலரும் பாதியை மட்டும் சொல்வார்கள். பயங்கரவாதம், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகிய குற்றங்களுக்கு அது விலக்கு அளித்தது. ஆணைய உறுப்பினர்கள் மூவர் மாறுபட்ட கருத்தும் எழுதினர். வெட்டிப் பேசுபவர் இந்த விலக்கைத் தானே முன்வந்து சொல்லிவிட வேண்டும். எதிரணி வாயிலிருந்து வந்தால் மறைத்ததாக ஆகிவிடும்.

மேற்கோள்கள்

தமிழ் மேடையில் குறள் இல்லாமல் பேச்சு முடியாது. ஒட்டிப் பேசுபவர் எடுப்பது 550ஆவது குறள்.

கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்.

கொடியவரை அரசன் தண்டிப்பது, உழவன் பயிரைக் காக்கக் களை பறிப்பதற்கு ஒப்பு. பரிமேலழகர் "கொலையான் ஒறுத்து" என்றே உரை எழுதுகிறார், அதாவது கொலைத் தண்டனை. ஆனால் "கொலையில் கொடியார்" என்று சேர்த்துப் படித்தால், கொலைத் தொழிலில் கொடியவரைத் தண்டித்தல் என்று மட்டுமே பொருள் வரும், எந்தத் தண்டனை என்பது குறளில் இல்லாமல் போகும். வெட்டிப் பேசுபவர் இந்த இரண்டாவது வாசிப்பை முன்வைத்து, அப்படியே 561ஆவது குறளுக்கு வரலாம். "தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து." தக்கபடி ஆராய வேண்டும், மீண்டும் அக்குற்றம் நிகழாதபடி தண்டிக்க வேண்டும், தண்டனை குற்றத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். மூன்றையும் குறைப்பில்லா ஆயுள் சிறை நிறைவேற்றுகிறது என்பது உங்கள் முடிவு. "ஒத்தாங்கு" என்பதைப் பிடித்துக்கொண்டு எதிரணி "கொலைக்கு ஒத்தது கொலைதானே" என்று திரும்பி வரும், அதற்கும் ஒரு வரி தயாராக இருக்கட்டும்.

கோவலன் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், பெரும்பாலும் அழுகையோடு முடித்துவிடுகிறார்கள். பாண்டியன் இட்ட ஆணையின் சொற்களைப் பாருங்கள்: "கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்றுஅச் சிலம்பு கொணர்க ஈங்கு." அதில் "ஆகில்" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. சிலம்பு அவன் கையில் இருந்தால் மட்டுமே கொல்லச் சொன்னான் அரசன். அந்த நிபந்தனையைச் சரிபார்க்கும் வேலை, சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே போய்ச் சேர்ந்தது. காவலரே கோவலனைப் பார்த்து, இவன் கள்வன் போல் இல்லையே என்று தயங்கியபோது, கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிட்டான். சட்டம் சரியாக இருந்தும் விசாரணை தவறியது. ஆகவே இது மூன்றாவது கேள்விக்கான சான்று, முதல் கேள்விக்கு அல்ல. "அது மன்னர் காலம், இன்று இத்தனை படிகள் இருக்கின்றனவே" என்று எதிரணி சொல்லும் என்பதால் இதைத் தனியாக நிறுத்தாதீர்கள். உடனே 2019க்கு வாருங்கள். மகாராஷ்டிரத்தில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்கு உச்ச நீதிமன்றமே 2009இல் தூக்கை உறுதி செய்தது. அதில் மூவருக்கு உயர் நீதிமன்றம் குறைத்திருந்ததைக்கூட உயர்த்தி மீண்டும் தூக்காக்கியது. பத்து ஆண்டு கழித்து அதே நீதிமன்றம் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

"கண்ணுக்குக் கண் என்றால் உலகமே குருடாகும்" என்பதைக் காந்தி சொன்னதாகச் சொல்லாதீர்கள். அவர் எழுத்திலோ பேச்சிலோ உறுதியான ஆதாரம் இல்லை. காந்தியைச் சொல்லியே ஆக வேண்டுமானால், அவரைக் கொன்றவர்களைத் தூக்கிலிட வேண்டாம் என்று அவர் மகன்கள் மணிலாலும் ராமதாஸும் கேட்டுக்கொண்டதைச் சொல்லுங்கள். கோட்சேயும் ஆப்தேயும் 1949 நவம்பர் 15 அன்று அம்பாலாவில் தூக்கிலிடப்பட்டனர். அதே 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், தூக்குத் தண்டனையையே ஒழிப்பதை ஆதரிப்பேன் என்று பேசியிருந்தார். "தங்கை" கேள்விக்கு, பாதிக்கப்பட்ட காந்தி குடும்பமே எடுத்த அந்த நிலை தகுந்த பதில்.

மறுப்புரை

மறுப்புக்கு 40 முதல் 45 விநாடி போதும். எதிரணி சொன்னதை ஒரே வரியில், குறைக்காமல் கூட்டாமல் திருப்பிச் சொல்லுங்கள். அதில் உண்மை இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு அது எந்தக் கேள்விக்குப் பதில், நம் கேள்விக்கு ஏன் பதிலாகாது என்று காட்டுங்கள்.

எடுத்துக்காட்டாக, ஒட்டிப் பேசுபவர் சொல்கிறார்: "தவறு நேரும் என்பதற்காகத் தண்டனையே கூடாது என்றால், ஆயுள் தண்டனையிலும்தான் தவறு நேரும். சிறைகளையே மூடிவிடலாமா?" இதைக் கேட்டுத் திணறிப்போகும் அணிகள் பல. பதில் இப்படி இருக்கலாம்:

"எதிரணி நண்பர் சொன்னது சரி. ஆயுள் சிறையிலும் அப்பாவிகள் மாட்டுகிறார்கள். அந்த ஆறு பேரும் பதினாறு ஆண்டு சிறையில் கிடந்தார்கள், அது பெரும் அநீதி. ஆனால் 2019இல் நீதிமன்றம் விடுதலை என்று சொன்னபோது, வெளியே வர ஆறு பேர் உயிரோடு இருந்தார்கள். இடைப்பட்ட பத்து ஆண்டில் அரசு சுறுசுறுப்பாக இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பை யாரிடம் வாசித்திருப்பீர்கள்?"

இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் அடுத்த கருத்துக்குப் போய்விட வேண்டும்.

ஒட்டிப் பேசுபவருக்கும் ஒன்று. எதிரணி "அரசு கொல்லலாமா?" என்று கேட்டால்: "அரசு கொல்லக் கூடாது என்பது உங்கள் கொள்கையானால், மும்பையைத் தாக்கத் துப்பாக்கியோடு வந்த கசாபைச் சுட்டு வீழ்த்தியிருந்தாலும் தவறா? இல்லை என்பீர்கள். அப்படியானால் அரசுக்கு உயிரெடுக்கும் உரிமை சில நேரம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறீர்கள். எந்த நேரம் என்பது மட்டும்தான் நமக்குள் வேறுபாடு." வெட்டிப் பேசும் அணி இதை எதிர்பார்த்து, தாக்குபவனைத் தடுப்பதும், கட்டுண்டு கிடப்பவனைக் கொல்வதும் ஒன்றல்ல என்ற பதிலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பிசுபிசுத்துப்போகும் வாதங்களும் சில உண்டு. "நம் வரிப்பணத்தில் கொலைகாரனுக்குச் சோறா?" என்பதை விட்டுவிடுங்கள். தூக்குக் கைதிகளும் ஆண்டுக்கணக்கில் சிறையில்தான் இருக்கிறார்கள், சோற்றுச் செலவைக் கணக்கிட்டு உயிரைப் பேசுவது அவையில் எடுபடாது. "உலகில் பெரும்பாலான நாடுகள் ஒழித்துவிட்டன" என்பதும் தனியாக நிற்காது. பெரும்பான்மை சரியாகத்தான் இருக்குமா என்று எதிரணி கேட்கும்.

பாலியல் வன்கொலை வழக்குகளைப் பற்றிப் பேசும்போது, நடந்த கொடுமையை உடலுறுப்பு வரை வருணிக்காதீர்கள். அரங்கில் அந்தத் துயரத்தைச் சுமப்பவர் யாரேனும் அமர்ந்திருக்கலாம், நம் மதிப்பெண்ணுக்காக அவர் மறுபடி அதை அனுபவிக்கக் கூடாது. வாதத்துக்கும் அது தேவையில்லை. 12 வயதுக்குட்பட்ட சிறுமியர் மீதான வன்கொடுமைக்கு 2018இல் மரண தண்டனை சேர்க்கப்பட்டது பற்றிப் பேச நேர்ந்தால், இரண்டு நடைமுறைக் கவலைகளைச் சொல்லலாம். கொலைக்கும் வன்கொடுமைக்கும் தண்டனை ஒன்றானால், சாட்சியான குழந்தையைக் கொன்றுவிடக் குற்றவாளி துணியலாம். குற்றவாளி பெரும்பாலும் தெரிந்தவர், உறவினர் என்பதால், தூக்கு வரும் என்று பயந்து குடும்பமே புகாரை மறைக்கலாம்.

நேரமும் அணியும்

தெளிவாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் வரும். ஐந்து நிமிடம் என்றால் 400 சொல் எழுதுங்கள், மீதி மறுப்புக்கு. "தமிழுக்கும் அவைக்கும் வணக்கம்" பகுதியை 15 விநாடிக்குள் முடியுங்கள். ஒரு நிமிடம் வணக்கத்திலேயே போனால், இறுதி மணி அடிக்கும்போது நீங்கள் மூன்றாவது கேள்வியைத் தொட்டிருக்க மாட்டீர்கள்.

மூவர் அணியானால் முதலாமவர் எல்லையும் முதல் கேள்வியும், இரண்டாமவர் மறுப்பும் எண்களும், மூன்றாமவர் பிழை பற்றிய கேள்வியும் தொகுப்புரையும் எடுக்கலாம். தொகுப்புரையில் புதிய சான்று எதையும் கொண்டுவராதீர்கள், எதிரணிக்கு மறுக்க வாய்ப்பில்லாத இடத்தில் வைத்ததை நடுவர்கள் ஏற்பதில்லை. ஒரு அஞ்சலட்டை அளவுத் தாளில் ஆண்டு, வழக்கு, எண் மூன்றை மட்டும் எழுதிக் கையில் வையுங்கள். முழு உரையை எழுதி வைத்தால் கண் தாளிலேயே இருக்கும், எதிரணி சொன்னது காதில் விழாது.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அணிகளை மாற்றி ஒரு முறை முழுதாகப் பேசிப் பாருங்கள். ஒட்டி அணி வெட்டிப் பேசட்டும், கடிகாரம் ஓடட்டும். எதிர்த்தரப்பாக நின்று பேசும்போது எந்த இடத்தில் "இதற்குப் பதில் இருக்காது" என்று உங்களுக்கே தோன்றுகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு நாளும் உழைக்க வேண்டியது அந்த ஒரு இடத்தில்தான்.